விழுந்து எடுக்கறவரு

வாங்கக்கா, உள்ள வாங்க. அம்மா மார்க்கெட் போயிருக்காங்க, வந்துடுவாங்க. உக்காருங்க. லாப்டாப்ப மூடலன்னு தப்பா நெனச்சுக்காதீங்க, ஆபீஸ் லாகின்ல இருக்கேன். சாட்ல என் பேருக்குப் பக்கத்துல பச்ச லைட்டு அணைஞ்சா போச்சு, மேனேஜரு உடனே 'பவித்ரன், இருக்கீங்களா'ன்னு கேப்பாரு. நடுநடுவுல ரெண்டு வரி டைப் பண்ணுவேன். காது உங்க பக்கம்தான்.

ஸ்குவாஷ் கிளப்லேர்ந்து ஃபோன் வந்துச்சா? யாரு, ஜோஷ்வா சாரா? டோர்னமென்ட்டுக்கு வர்ற வெளிநாட்டு ப்ளேயர் ஒருத்தர உங்க வீட்டுல தங்க வெச்சுக்க முடியுமான்னு கேட்டாரா? ஐயோ. சரின்னு சொல்லிட்டீங்களா? இன்னும் சொல்லலையா? நல்லதாப் போச்சு. நான் சொல்றத கேட்டுட்டு அப்புறமா சொல்லுங்க.

நீங்க பொங்கலுக்கு அப்புறம்தான குடி வந்தீங்க. போன வருஷக் கத உங்களுக்குத் தெரியாது. தெரியுமா? யாரு, மூணாவது மாடி சபாபதி அங்கிளா? என்ன சொன்னாரு? 'சாம்பியன் வீடா'ன்னு சிரிச்சிருப்பாரே. ஆமா, அதேதான். ஒரு வருஷமாச்சு, இன்னும் அந்தாளு லிஃப்ட்டுக்குள்ள இருந்தா நான் படியில ஏறிடுவேன். நாலு மாடி. மூச்சு வாங்கும், ஆனா காது சூடாகாது பாருங்க.

ஸ்குவாஷ்னா என்னன்னு தெரியுமாக்கா? தெரியாதா? சூப்பர். இல்ல, கிண்டல் இல்ல. நாலு பக்கமும் சுவரு வெச்ச ரூமு, பின்னாடி சுவரு மட்டும் கண்ணாடி. உள்ள ரெண்டு பேரு, ஒரு சின்ன கறுப்பு ரப்பர் பந்து. எதிர் சுவத்துல மாத்தி மாத்தி அடிக்கணும், ரெண்டு தடவ தரையில பட்டா போச்சு. அவ்ளோதான். ஆனா பாத்தா விட மாட்டீங்க. நான் பத்தாவதுல யூடியூப்ல தெரியாம கிளிக் பண்ணேன், அன்னிலேர்ந்து இதான். நான் ஆடுவேனான்னு கேக்காதீங்க. கிளப்ல ஒரு ஏழு வயசுப் பொண்ணு என்ன ஒரு பாயிண்ட் எடுக்க விடல.

இந்த ஆட்டத்துல மேல இருக்கற கொஞ்ச பேருக்குத்தான் ஃபைவ் ஸ்டார் ஓட்டலு. கீழ இருக்கறவங்க ஊர் ஊரா போயி யாரு வீட்டுலயாவதுதான் தங்குவாங்க. லோக்கல்ல இருக்கற கிளப்பு ஏற்பாடு பண்ணும். உலகம் பூரா அப்படித்தான். போன வருஷம் லிஸ்ட்டப் பாத்துட்டு நானே ஜோஷ்வா சாருக்கு ஃபோன் பண்ணேன், 'சார், அர்வின் மலாபனன எங்க வீட்டுக்குக் குடுங்க'ன்னு. அவரு, 'யாரு அது'ன்னாரு. டோர்னமென்ட்ட நடத்தறவருக்கே தெரியலக்கா!

எனக்குத் தெரியும். பிலிப்பைன்ஸ்காரரு. முப்பத்தொரு வயசு. சின்ன வயசுல மணிலாவுல ஒரு கிளப்ல பெரிய மனுசங்க ஆடும்போது பந்து பொறுக்கிப் போடற வேல. அவங்க ஆடிட்டு குளிக்கப் போவாங்கல்ல, அந்தக் காமணி நேரம் கோர்ட்டு காலியா இருக்கும். அந்தக் காமணி நேரத்துல கத்துக்கிட்டது எல்லாமே. அப்புறம் மலேசியாவுல போயி அங்க இருக்கற பெரிய ப்ளேயருங்களுக்கு பிராக்டீசுக்கு எதிர்ல நிப்பாரு. அவங்களுக்கு வேண்டிய மாதிரி போட்டுக் குடுக்கணும், தான் ஜெயிக்கக் கூடாது. அதுலயும் வருஷம் ஓடிப்போச்சு. ஒரே ஒரு தடவ நாட்டு டீம்ல வெண்கலம். ரேங்கு இருநூறுக்கு அந்தாண்ட. அவரு மேட்ச்ச லைவ்ல பாக்கறவங்க உலகத்துலயே பதினோரு பேரு. அதுல ஒருத்தன் நானு.

ஒரு நிமிஷம்க்கா... ம். அனுப்பிட்டேன்.

அவரோட ஒரு வீடியோ இருக்கு, காட்டறேன் பாருங்க. இதோ. முன்னாடி போட்ட பந்துக்கு குறுக்க பாஞ்சு விழறாரா, பந்து வருது. எழுந்திருக்காரா, மறுபடி அந்தப் பக்கம் விழறாரு, வருது! மூணாவது தடவ முட்டி போட்டுக்கிட்டே! யப்பா. இத நான் ஆயிரம் தடவ பாத்திருப்பேன். எங்க ஆபீஸ் குரூப்புல, ஸ்கூல் குரூப்புல, நம்ம அபார்ட்மென்ட் குரூப்புல கூட போட்டேன். பாயிண்ட்டு யாருக்குப் போச்சுன்னு கேக்கறீங்களா? அது... அவருக்கு வரல. அது முக்கியமில்லக்கா.

அவரு வர்ற அன்னிக்கு நான் ஒரு ஃபிளெக்ஸ் வெச்சேன். கேட்டுக்கு மேல, பத்தடி. தப்பா? ஊருக்கு எம்எல்ஏ வந்தா வைக்கறோம், காதுகுத்துக்கு வைக்கறோம், ஒரு ப்ளேயருக்கு வைக்கக் கூடாதா? 'உலக ஸ்குவாஷ் சாம்பியன் அர்வின் மலாபனன் அவர்களே வருக வருக! இவண், பவித்ரன் மற்றும் குடியிருப்போர்'. அவரு பாஞ்சு விழற போட்டோ. கீழ நான் கைய கூப்பிக்கிட்டு. என் போட்டோ கொஞ்சம் பெருசாயிடுச்சு, அது டிசைன் பண்ணவன் பண்ண வேல. சாம்பியன்னு ஏன் போட்டன்னு கேப்பீங்க. வேற என்ன போடறது? 'உலகத்துல இருநூத்திப் பன்னெண்டாவது ஆளே வருக'ன்னா போட முடியும்?

ஆட்டோலேர்ந்து இறங்கினாரு. ஒல்லியா, ஒரு பெரிய பை, ஒரு சின்ன பை. மேல பாத்தாரு. 'என்ன எழுதியிருக்கு பவி'ன்னாரு. இங்கிலீஷ்லதான். நான் 'நல்வரவு'ன்னு சொன்னேன். அதுவும் எழுதியிருக்குல்ல? பொய் இல்லையே. அப்போ பார்த்து இந்த ரெண்டாவது மாடி வாலு, மித்ரா, கான்வென்ட் இங்கிலீஷ்ல, 'அங்கிள், வேர்ல்ட் சாம்பியன்னு போட்டிருக்கு, நீங்க வேர்ல்ட் சாம்பியனா?'ன்னு கேட்டுடுச்சு.

அவரு முகம் எப்படியோ ஆயிடுச்சுக்கா. கொழந்தைக்கிட்ட 'இல்லம்மா'ன்னாரு. என்கிட்ட மெதுவா, 'பவி, ப்ளீஸ், எடுத்துடலாமா'ன்னாரு. நான் அடக்கம்னு நெனச்சேன். பெரிய ஆளுங்க அப்படித்தான பேசுவாங்க? 'இருக்கட்டும் இருக்கட்டும்'னு தோள்ல கை போட்டு, அதுக்குக் கீழயே நிக்க வெச்சு செல்ஃபி எடுத்து, டோர்னமென்ட் பேர டேக் பண்ணி போட்டுட்டேன். மேல வந்ததும் அம்மாதான், 'டேய், அந்தப் பையன் முகமே சரியில்லடா, அத கழட்டு'ன்னாங்க. அம்மாவுக்கு என்ன தெரியும் இந்த விஷயமெல்லாம்.

அம்மா அவர 'அரவிந்து'ன்னுதான் கூப்பிடுவாங்க. அவரு அம்மாவ 'டீட்டா'ம்பாரு, அவங்க பாஷையில அத்தன்னு. காலையில இட்லி வெச்சா ரெண்டு சாப்ட்டுட்டு சட்டிய எட்டிப் பாக்கறாரு. நேத்து சோறு இருக்கான்னு. அவங்க ஊர்ல காலையிலயே சோறு, முட்டதானாம். அம்மாவுக்கு வந்துச்சே சந்தோஷம்! 'பாத்தியாடா, நம்ம வீட்டுப் பையன்'னு சோத்துல ரசத்த ஊத்தி ஊத்தி வெச்சாங்க. ரெண்டு பேருக்கும் ஒரு வார்த்த பொதுவா கிடையாது, ஆனா அடுப்படியில ஒரே சிரிப்பு. என்கிட்ட அவரு அவ்ளோ சிரிக்கல. நான்தான் எல்லாம் பண்ணது.

விடியக்காலையில கீழ பார்க்கிங்ல போயி ஆடுவாரு. பந்து இல்லாம. ராக்கெட்ட மட்டும் வெச்சுக்கிட்டு, நடுவுல ஒரு இடம், அங்கேர்ந்து ஒரு மூலைக்கு ஓடி, இல்லாத பந்த அடிச்சுட்டு, திரும்பி நடுவுக்கு. மறுபடி வேற மூல. ஷூ சத்தம் கூட வராது. எனக்கு மேலேர்ந்து பாக்கப் பாக்க ஒரு மாதிரி ஆயிடுச்சு. உடனே லைவ் போட்டேன். மறுநாள் குரூப்புல மெசேஜ் போட்டு எல்லாரையும் வரச் சொன்னேன். வாக்கிங் போறவங்க, பால் வாங்க வந்தவங்க, பசங்க, வாட்ச்மேன் உட்பட சுத்தி நின்னு கை தட்டினோம். பசங்க அவரு பின்னாடியே ஓடுதுங்க. அடுத்த நாள் அவரு இன்னும் முன்னாடியே எழுந்து மொட்ட மாடிக்குப் போயிட்டாரு. தண்ணித் தொட்டி இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி. பாவம், மத்தவங்களுக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு.

ஸ்கூட்டர்ல கிளப்புக்குக் கூட்டிட்டுப் போகும்போதுதான் கொஞ்சம் பேசுவாரு. அப்ப ஒரு தடவ சொன்னாரு. ரெண்டு மேட்ச் ஜெயிச்சா போதுமாம். ரெண்டே ரெண்டு. ரேங்கு மேல ஏறிடும், அவங்க நாட்டு டீம்ல அவரு இடம் நிக்கும். இல்லன்னா சின்னப் பையன் ஒருத்தனுக்குப் போயிடும். டீம்ல இருந்தாத்தான் ஆடறதுக்கு அனுப்புவாங்க, சம்பளம் மாதிரி கொஞ்சம் வரும். 'முப்பத்தொரு வயசுல ஒரு தடவ வெளிய வெச்சா திருப்பிக் கூப்பிட மாட்டாங்க பவி'ன்னாரு. நான் 'கவலையே படாதீங்க, எங்க அபார்ட்மென்ட்டே உங்க பின்னாடி இருக்கு'ன்னேன். ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்தவங்க முகம் தெரியாதே.

இன்னொண்ணும் சொன்னாரு. அந்த வீடியோவப் பத்தி நான் ஆகா ஓகோன்னு பேசிட்டு வந்தேன். அதுக்கு, 'நான் தரையில கெடக்கறேன்னா லேட்டா போயிருக்கேன்னு அர்த்தம் பவி. நல்லா ஆடற அன்னிக்கு நான் விழ மாட்டேன். அன்னிக்கு பாக்கறவங்களுக்கு போரடிக்கும்'னாரு. நான் சிரிச்சேன். ஜோக்குன்னு நெனச்சேன்க்கா.

இருங்க, கால் வருது... யெஸ், யெஸ், பாத்துட்டிருக்கேன், அஞ்சு நிமிஷம்... வெச்சாச்சு.

மொத மேட்ச்சுக்கு நானும் அம்மாவும் மட்டும்தான் போனோம். வெள்ளிக்கிழம, எல்லாருக்கும் ஆபீசு. எகிப்துக்காரன் ஒருத்தன், பனமரம் மாதிரி இருந்தான். பந்த ஒடைக்கற மாதிரி அடிப்பான். இவரு அலட்டிக்கவே இல்ல. அழகா, பொறுமையா, பின்னாடி மூலைக்கு ஒண்ணு, அதே மூலைக்கு இன்னொண்ணு, மறுபடி அதே மூல. அவன் கடுப்பாகி கடுப்பாகி சுவத்துக்கு வெளிய அடிச்சான். அஞ்சு கேம்ல மூணு எடுத்தா ஜெயிப்பு; இவரு மூணு, அவன் ஒண்ணு. ஒரு தடவ கூட விழல. அம்மா முக்காவாசி நேரம் கண்ண மூடிக்கிட்டு வேண்டிக்கிட்டிருந்தாங்க. ஜெயிச்சுட்டு வெளிய வந்து அம்மா கைய எடுத்து நெத்தியில வெச்சுக்கிட்டாரு. அவங்க ஊருல பெரியவங்ககிட்ட அப்படித்தானாம். அம்மா அழுதுட்டாங்க. நானுந்தான்.

இன்னும் ஒண்ணு ஜெயிச்சா போதும். ஞாயித்துக்கிழம காலையில. எல்லாருக்கும் லீவு. நான் சும்மா இருப்பேனா? டெம்போ டிராவலர் பேசினேன். சபாபதி அங்கிள், அவரு சம்சாரம், மித்ரா, அதோட ஃபிரெண்ட்ஸுங்க, அபார்ட்மென்ட் செகரட்டரி, மொத்தம் வேன் நெறைய. குரூப்புல என்ன சொல்லிக் கூட்டிட்டுப் போனேன்னா, 'பாஞ்சு விழுந்து எடுப்பாரு, நேர்ல பாருங்க, ஜென்மத்துக்கும் மறக்க மாட்டீங்க'ன்னு. வீடியோவப் பாத்துட்டுத்தான எல்லாரும் வந்தாங்க.

எதிர்ல ஹாங்காங் பையன், பத்தொம்போது வயசு. கோர்ட்டுக்குள்ள போகும்போது அந்தப் பையன் குனிஞ்சு இவருக்கு வழி விட்டு, 'ப்ளீஸ், வேர்ல்ட் சாம்பியன்'னான். பெஞ்சுல இருந்த மத்த ப்ளேயருங்கல்லாம் சிரிச்சானுங்க. நான் போட்ட செல்ஃபி அவனுங்க குரூப்புல சுத்தியிருக்கு. மூணு நாளாவே அவர சாம்பியன்னுதான் கூப்பிடறானுங்களாம், டிரெஸ்ஸிங் ரூம்ல. ஜோஷ்வா சார் அப்புறமா சொன்னாரு. வெள்ளைக்காரன் ஒருத்தன் ஆட்டோகிராஃப் கேட்டானாம். எவ்ளோ கேவலமான பசங்க பாருங்க!

மொத கேம் ஜெயிச்சாரு. ரெண்டாவதும் ஜெயிச்சாரு. இன்னும் ஒண்ணுதான். அழகான ஆட்டம்க்கா. அந்தப் பின்னாடி மூல, மறுபடி அந்தப் பின்னாடி மூல. அந்தச் சின்னப் பையனுக்கு மூச்சு முட்டுது. எனக்குத் தெரியுது, பாக்கத் தெரிஞ்சவனுக்குத் தெரியும். ஆனா நம்மாளுங்க... செகரட்டரி கொட்டாவி விடறாரு. மித்ரா ஃபோன் கேக்குது. சபாபதி அங்கிள் நல்லா சத்தமா, 'தம்பி, எப்பப்பா விழுவான்?'னாரு. பின்னாடி யாரோ, 'ரெண்டு பேரும் வெள்ள அடிக்க வந்தவனுங்களா, அதே சுவத்தையே தேய்க்கறானுங்க'ன்னாங்க. ஒரே சிரிப்பு. எனக்குக் காது ரெண்டும் பத்திக்கிட்டு எரியுது. நான் கூட்டிட்டு வந்திருக்கேன்க்கா! ஞாயித்துக்கிழம தூக்கத்த விட்டுட்டு வந்திருக்காங்க!

கேமுக்கு நடுவுல ஒரு ரெண்டு நிமிஷம் விடுவாங்க. கண்ணாடிக் கதவத் தொறந்துகிட்டு வெளிய வந்து உக்காருவாரு. தண்ணி, துண்டு குடுக்கறது என் வேல. துண்டக் குடுத்தேன். அப்பதான்... சும்மா ஒரு வார்த்த. 'அர்வின், எல்லாரும் ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க. ஒரு டைவ். ஒண்ணே ஒண்ணு. ப்ளீஸ்'னேன்.

துண்டால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டிருந்தவரு அப்படியே நிறுத்திட்டாரு. என்னப் பாத்தாரு. அப்புறம் பெஞ்சப் பாத்தாரு. அம்மா ஒரு டப்பாவ மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க, ஜெயிச்சதும் குடுக்க ரவா லட்டு. துண்ட என் கையில குடுத்துட்டு உள்ள போயிட்டாரு.

மூணாவது கேம்ல விழுந்தாரு. எடுத்துருக்கலாம், ரெண்டு எட்டு வெச்சா கைக்கு வந்திருக்கும், ஆனா பாஞ்சு விழுந்தாரு. வேன் மொத்தமும் எழுந்து நின்னுச்சு! விசில்! சபாபதி அங்கிள் தோள்ல இருந்த துண்ட சுத்தறாரு! ரெஃப்ரி, 'அமைதி, அமைதி'ங்கறாரு, யாரு கேக்கறா? அப்புறம் பசங்க ஆரம்பிச்சுதுங்க, 'விழு! விழு! விழு!'ன்னு. கையால வேற காட்டுதுங்க, இப்படி, மீன் குதிக்கற மாதிரி. மறுபடி விழுந்தாரு. மறுபடி. அவரு விழுந்த எடமெல்லாம் வேர்வ, தரைய தொடைக்க ஆட்டத்த நிறுத்தறாங்க, அந்தக் கேப்புல அந்தச் சின்னப் பையன் நல்லா மூச்சு வாங்கிக்கறான். நாலாவது தடவ விழும்போது முழங்கை தரையில இடிச்சு 'டக்'னு ஒரு சத்தம். அம்மா எழுந்து வெளிய போயிட்டாங்க.

மூணாவது போச்சு. நாலாவது போச்சு. அஞ்சாவதுல அவருக்கு ராக்கெட்ட சரியா புடிக்கவே முடியல. நம்மாளுங்களுக்கு செம குஷி. தோத்துட்டாருன்னே பாதிப் பேருக்குத் தெரியல.

நான் சொன்னதால இல்லக்கா. ஒண்ணே ஒண்ணுதான சொன்னேன்? ஒண்ணுக்கு மேல விழுந்ததெல்லாம் அவரா விழுந்தது.

இந்த ஆட்டத்துல ஒரு வழக்கம் இருக்கு. சின்ன டோர்னமென்ட்ல தோத்தவரு உடனே வீட்டுக்குப் போக முடியாது. அடுத்த மேட்ச்சுக்கு அவருதான் ரெஃப்ரியா உக்காரணும். எவ்ளோ வயித்தெரிச்சலா இருந்தாலும் சரி. இவரும் போயி அந்த ஒசந்த நாக்காலியில உக்காந்தாரு, முழங்கையில ஐஸ் பைய கட்டிக்கிட்டு. வேன்காரன் ஆரன் அடிச்சுக்கிட்டே இருந்தான், எல்லாருக்கும் பசி. நான் கீழேர்ந்து கை காட்டினேன், 'போயிட்டு வரட்டுமா'ன்னு. அவரு ஆட்டத்த பாத்துக்கிட்டு இருந்தாரு. சரி, ஆட்டோ புடிச்சு வந்துடுவாருன்னு வேன்ல ஏறிட்டேன். வேன்ல சபாபதி அங்கிள், 'ஏம்ப்பா, இவனா உலக சாம்பியன்? ஒரு பொடியன்கிட்ட தோக்கறான்?'னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்... என்ன பண்ண சொல்றீங்க, எல்லாரும் சிரிக்கும்போது.

அம்மா வேன்ல வரல. கிளப்லயே இருந்தாங்க. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ஆட்டோல வந்தாங்க, மத்தியானத்துக்கு மேல. அம்மா ரசஞ்சாதம் பெசஞ்சு ஸ்பூன் போட்டுக் குடுத்தாங்க, வலது கை மடங்கல அவருக்கு. இடது கையால சாப்ட்டாரு. நான் எதிர்ல உக்காந்து கேட்டேன், 'ஏன் அர்வின் அத்தன தடவ விழுந்தீங்க? ரெண்டு கேம் மேல இருந்தீங்களே?' ஒரு ரசிகனா எனக்கு இருக்கற வருத்தத்துல கேட்டேன்.

அவரு ஸ்பூன வெச்சுட்டு சொன்னாரு, 'நீ கேட்ட பவி. நான் உங்க வீட்டுல இருக்கேன்.'

அவ்ளோதான். கோவமா சொல்லல. டைம் என்னன்னு கேட்டா சொல்ற மாதிரி சொன்னாரு. அப்புறம், 'சாரி, பவி'ன்னாரு. 'உங்க ஆளுங்க முன்னாடி உனக்கு அசிங்கமாயிடுச்சு'ன்னு. பாருங்க, அவரே சாரி கேட்டாரு. அப்போ தப்பு யாரு மேல?

சாயங்காலமே பைய எடுத்துக்கிட்டு எக்மோர்ல ஏதோ லாட்ஜுக்குப் போயிட்டாரு. இன்னும் ரெண்டு நாள் இருந்திருக்கலாம். அம்மா ரசப்பொடி கட்டிக் குடுத்தாங்க. வாட்ச்மேன்கிட்ட கூட கை குடுத்தாரு. கேட்டத் தாண்டும்போது மேல பாக்கல. ஃபிளெக்ஸ் அப்படியே காத்துல அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அன்னிக்கே கழட்டிட்டேன். அம்மா என்கூட ஒரு வாரம் பேசல. எதுக்குன்னு அவங்களும் சொல்லல, நானும் கேக்கல.

ஒரு மாசம் கழிச்சு அவங்க டீம் அறிவிச்சாங்க. நெட்ல பாத்தேன். அவரு பேரு இல்ல.

அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லக்கா. ரேங்கு, அது இதுன்னு ஆயிரம் இருக்கும். நான் இப்பவும் அவரு மேட்ச் எங்க இருந்தாலும் பாக்கறேன். முன்னாடி 'கமான் அர்வின்'னு கமெண்ட்டா போட்டுத் தள்ளுவேன். இப்பல்லாம் சும்மா பாத்துட்டு மூடிடுவேன். ஒரு ஹார்ட்டு கூட போடறதில்ல. பாக்கறவங்க எண்ணிக்கை மட்டும் ஒண்ணு கூடும், அது யாருன்னு அவருக்குத் தெரியாதுல்ல.

சரி, என் கத இருக்கட்டும். உங்களுக்கு யாரக் குடுக்கறாங்களாம்? பயப்படாதீங்க, யாரா இருந்தாலும் நான் வந்து ஹெல்ப் பண்றேன், பேசறதுக்கு, கிளப்புக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு...

யாரு?

மறுபடி சொல்லுங்க.

பிலிப்பைன்ஸா. ஆமா... அர்வின்தான். வேற யாரும் அந்த ஊர்லேர்ந்து வரல. நான் லிஸ்ட்டு பாத்துட்டேன், ராத்திரியே. நீங்க சொல்ற வரைக்கும் வேற வீட்டுலதான் இருப்பாருன்னு... நம்ம அபார்ட்மென்ட்டுக்கா? அவரே கேட்டாரா? ஜோஷ்வா சார் அப்படியா சொன்னாரு? பார்க்கிங் நல்லாருக்கும்னாரா. அம்மாவ விசாரிச்சாரா. ரசம்னு தமிழ்லயே சொன்னாராமா?

அப்புறம்? வேற ஏதோ சொல்ல வந்தீங்களே. சொல்லுங்கக்கா, பரவால்ல. சொல்லுங்க.

ஸ்குவாஷப் பத்தி யாருக்கும் தெரியாத வீடா இருக்கணும்னு.

ம்.

அதான் உங்களுக்கு ஃபோன் பண்ணியிருக்காங்க.

இல்ல இல்ல, ஒண்ணும் இல்லக்கா. ஃபேன் காத்துல கண்ணு எரியுது. ஒரு நிமிஷம், மேனேஜருக்கு... இல்ல, அவரு ஒண்ணும் கேக்கல. சும்மாதான் டைப் பண்ணேன். என் பேரு ஏதாவது சொன்னாரா? சொல்லலையா. சரி. நல்லதுதான்.

சரின்னு சொல்லிடுங்க. இப்பவே ஃபோன் பண்ணி சொல்லிடுங்க, வேற யாருக்காவது குடுத்துடப் போறாங்க. ஒண்ணும் கஷ்டம் இல்ல. காலையில சோறு, ஒரு முட்ட. ரசம் அம்மா குடுத்து அனுப்புவாங்க, நான் கொண்டு வர மாட்டேன், அம்மாவே வருவாங்க. போதும்னு சொன்னா நிறுத்திடுங்க, இன்னொரு கரண்டி வைக்காதீங்க. வெச்சா சாப்ட்டுடுவாரு, அதான் பிரச்சன. மத்தியானம் தூங்க விடுங்க. மேட்ச் என்னாச்சுன்னு கேக்காதீங்க. ஜெயிச்சீங்களா தோத்தீங்களான்னு கேக்கவே கேக்காதீங்க. டிவியில சீரியல் ஓடினா ஓடட்டும், அவரும் உக்காந்து பாப்பாரு. மித்ராகிட்ட நான் பேசிக்கறேன். சபாபதி அங்கிள்கிட்டயும் நானே பேசறேன். லிஃப்ட்லயே போயி பேசறேன்.

விடியக்காலையில கீழ பார்க்கிங்ல ஆடுவாரு, பந்து இல்லாம. சத்தமே இருக்காது, உங்களுக்குத் தொந்தரவு இருக்காது. நீங்க எழுந்துட்டாலும் எட்டிப் பாக்காதீங்கக்கா.

என் ரூம் ஜன்னலும் அந்தப் பக்கந்தான். ஸ்கிரீன் இல்ல அதுக்கு. அம்மா வரட்டும், பழைய போர்வ ஏதாவது இருக்கும், ஆணி அடிச்சு மாட்டிடறேன்.